பினாங்கில் தங்கி வேலை பார்க்க: மாதச் செலவுக் கணக்கை ஊரிலேயே போட்டுப் பார்ப்பது எப்படி

நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திர எல்லை ஊர்களில், சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கோ வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்கள் இன்று பல தெருக்களில் இருக்கிறார்கள். இதே வேலையை ஓராண்டு மலேசியாவின் பினாங்குத் தீவில் இருந்து பார்க்கலாமா என்று அவர்களில் சிலர் யோசிக்கிறார்கள். யோசனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நகரியில் ரயில் ஏறினால் அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போய்விடலாம். இறங்கும் ஊரில் கடைத்தெருவிலும் கோயிலிலும் தமிழ் காதில் விழும். அப்படியானால் மாதம் எவ்வளவு ஆகும் என்பதே அடுத்த கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, வாடகையையும் சாப்பாட்டையும் கூட்டிச் சொல்லும் ஒரு தொகை. அந்தத் தொகையை நம்பிக் கிளம்புகிறவர்கள் நாலாவது மாதத்தில் திணறுவதற்குக் காரணம், தீவின் விலைவாசி அன்று. ஊரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காததும், முதல் மாதம் கேட்கும் மொத்தப் பணத்தை மாதச் செலவோடு குழப்பிக்கொண்டதுமே காரணம். எனவே கணக்கை ஊரிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஊர்க் கணக்கு

ஒரு நோட்டில், நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் உங்கள் பெயரில் போகப்போகும் பணத்தை எல்லாம் எழுதுங்கள். வீட்டுக் கடன் தவணை, ஏலச்சீட்டு, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், அப்பா அம்மாவின் மாத்திரைச் செலவு, அவர்கள் பயன்படுத்தும் இணைய இணைப்பு, ஆண்டுக்கு இருமுறை வரும் வீட்டு வரி ஆகியவை உடனே நினைவுக்கு வரும். மொய் நினைவுக்கு வராது. ஆவணியிலும் தையிலும் வரும் கல்யாணங்களுக்கு நீங்கள் நேரில் போகாவிட்டாலும் வீட்டிலிருந்து மொய் போகத்தான் வேண்டும்; நேரில் போய்ச் செய்யும் உதவி குறைந்ததற்காக, அந்தத் தொகை சற்றுக் கூடவும் செய்யும். ஓராண்டின் மொய்யைத் தோராயமாகக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அதேபோல், நீங்கள் வீட்டில் இருந்ததால் செலவே ஆகாமல் நடந்த வேலைகளைப் பாருங்கள். அம்மாவை வேலூருக்கோ திருப்பதிக்கோ மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப் போனவர் நீங்கள் என்றால், இனி அதற்கு வாடகைக் கார் வேண்டும். மின்கட்டணம், வங்கி வேலை, எரிவாயு பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள் என்றால், அவற்றை யார் செய்வார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். இந்திய சிம் அட்டையை உயிரோடு வைத்திருப்பதும் ஊர்ச் செலவுதான்; வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். சிறிய தொகை என்று ரீசார்ஜை விட்டுவிட்டால், வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்தக் கணக்கையே திறக்க முடியாத நிலை வரும்.

இந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பினாங்குக்கான பணம். முழுச் சம்பளத்தை வைத்துத் தீவின் செலவை ஒப்பிடக் கூடாது.

தங்குவதற்கான அனுமதி

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாட்கள் வரை போகலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் அது உதவும்; வேலை பார்த்துக்கொண்டு வாழ்வதற்கான அனுமதி அன்று. முப்பது நாளுக்கு ஒருமுறை எல்லை தாண்டித் திரும்பி வரலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குடிநுழைவு அதிகாரி ஒருமுறை திருப்பி அனுப்பினால், கட்டிய முன்பணமும் வீட்டிலிருக்கும் பொருளும் அங்கே, நீங்கள் இங்கே என்றாகிவிடும்.

தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கென்றே மலேசியா 2022 அக்டோபரில் தொடங்கிய அனுமதியின் பெயர் டி.இ. ராந்தாவ். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை கிடைக்கும். மேலும் பன்னிரண்டு மாதம் வரை புதுப்பிக்கலாம். மென்பொருள், இணையப் பாதுகாப்பு, டிஜிட்டல் விளம்பரம் போன்ற தொழில்நுட்பப் பணிகளில் இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும்; மற்றப் பணிகளில் இருப்பவருக்கு 60,000 டாலருக்கு மேல். ரூபாயில் பார்த்தால், முதல் வகைக்கே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வருகிறது. எல்லை ஊர்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் பலர் இந்த அளவைத் தொடமாட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. தொடாதவர்கள் பினாங்கை விடுமுறைப் பயணமாகப் பார்த்து வரலாம். விண்ணப்பக் கட்டணம் மலேசிய நாணயத்தில் முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், சார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட். மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். இவற்றை ஒருமுறைச் செலவுப் பட்டியலில் எழுதுங்கள். விமானம் ஏறும் முன் மூன்று நாட்களுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்பதை இதற்கும் முன்னால் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலாளர் தொலைபேசியில் சொன்ன சம்மதம் போதாது.

வாடகையும் முன்பணமும்

இனி வரும் ரூபாய்க் கணக்குகளில் 1 ரிங்கிட்டை 23 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். வாடகை, சாப்பாடு போன்றவற்றுக்கு நான் தரும் தொகைகள் தோராயமானவை. போகும் மாதத்தில் அங்குள்ள விளம்பரங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

தீவில் இடத்துக்கு இடம் வாடகை மிகவும் மாறும். வடக்கே கடலைப் பார்த்த தஞ்சோங் தோக்கோங், குர்னி, பத்து பெரிங்கி பகுதிகளின் அடுக்குமாடி வீடுகள் 2,500 ரிங்கிட்டைத் தாண்டிப் போகும். தெற்கே விமான நிலையமும் தொழிற்பேட்டையும் இருக்கும் பாயான் லெப்பாஸ், பாயான் பாரு, சுங்கை ஆரா பகுதிகளில், மின்விசிறி, கட்டில், குளிர்சாதனம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உள்ள சிறிய வீடு 1,300 முதல் 1,800 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். பலர் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் ஓர் அறை போதும் என்றால் 600 முதல் 900 ரிங்கிட். அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் குளுகோர் பகுதியில் மாணவர்களுக்கான அறைகள் நிறைய இருப்பதால் அங்கே தேடுவது எளிது. தினமும் கடலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர், பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தையும் பார்க்கலாம். வாடகை அங்கே இன்னும் குறைவு. அங்கிருந்து தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் படகுப் போக்குவரத்து உண்டு. அலுவலகத்துக்குப் போக வேண்டாதவர் தீவில்தான் தங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மாத வாடகையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது முன்பணம். இரண்டு மாத வாடகை பிணைத்தொகையாகவும், அரை மாத வாடகை மின்சாரம் தண்ணீருக்கான வைப்பாகவும், முதல் மாத வாடகை முன்கூட்டியும் தருவது அங்குள்ள வழக்கம். 1,500 ரிங்கிட் வீட்டுக்குச் சாவி வாங்கும் நாளில் 5,250 ரிங்கிட், அதாவது ஏறக்குறைய 1,20,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதி முத்திரைக் கட்டணம் செலுத்துவது இதற்கு மேல். முத்திரையிடாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிறகு முன்பணத்தைக் கேட்டு வழக்காடுவது கடினம் என்பதால், அந்தச் சிறு செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீடு பிடிக்கும் வரை விடுதியில் தங்குவீர்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் பார்க்கும் அறை வாடகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பத்து இரவுக்கு 100 ரிங்கிட். விடுதியிலேயே மாதக் கணக்கில் தங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் மாதம் 300 ரிங்கிட்டை இந்த வரிக்கு மட்டுமே எழுதிக்கொள்ள வேண்டும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் அறைகள் விலையேறும். அந்த வாரங்களில் போய் இறங்காதீர்கள்.

வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்தால் 24 மாத ஒப்பந்தம் கேட்பார்கள். ஓராண்டுக்குப் போகிறவர் அதில் கையெழுத்திடுவதைவிட, இணைய இணைப்போடு வரும் வீட்டையே தேடுவது நல்லது. கைப்பேசி முன்கட்டணத் திட்டத்துக்கு மாதம் 40 ரிங்கிட் அளவில் போதும்.

கடிகாரம் செலவை மாற்றும் விதம்

பினாங்கின் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இதை ஒரு தகவலாக மட்டும் தெரிந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாதச் செலவில் பாதி இதைச் சார்ந்தே அமைகிறது. சென்னை அலுவலகத்தில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் உங்களுக்குப் பகல் 12.30. மாலை 7 மணிக்கு அவர்கள் வேலையை முடிக்கும்போது உங்களுக்கு இரவு 9.30. ஆகவே காலை முழுவதும் உங்களுடையது. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி, சமைத்து, சாப்பிட்டுவிட்டு உட்கார முடியும். இப்படி வாழப் பழகியவருக்குச் சாப்பாட்டுச் செலவு கணிசமாகக் குறையும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வேலை பார்ப்பவரின் நிலை வேறு. அங்கே காலை 9 மணி என்பது பினாங்கில் கோடைக்காலத்தில் இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10. அதிகாலை வரை விழித்திருந்து பகலில் தூங்குகிறவருக்கு, வெயில் நேரம் முழுவதும் குளிர்சாதனம் ஓடும். பூமத்திய ரேகைக்கு அருகிலிருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் அதே வெக்கைதான். நம்மூரில் மார்கழி, தை மாதங்களில் மின்கட்டணம் குறைவதைப் போல் அங்கே எதிர்பார்க்க முடியாது. பகலில் வேலை பார்ப்பவருக்கு மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து 150 முதல் 200 ரிங்கிட் என்றால், இவருக்கு அதற்கு மேல் எழுத வேண்டும். இரவு வேலைக்கு, பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகத்தில் மேசை எடுத்தால் மாதம் 250 முதல் 450 ரிங்கிட். நள்ளிரவில் பேருந்து இல்லாததால் வீடு திரும்ப, கைப்பேசிச் செயலியில் பிடிக்கும் கிராப் வாடகைக் காரும் சேரும். இரவு வேலைக்காரர் வீட்டிலேயே ஒரு தனி அறையை ஒதுக்கி வேலை பார்ப்பதுதான் எல்லா வகையிலும் மலிவு என்பது என் கருத்து.

பேருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 50 ரிங்கிட்டில் மாதம் முழுவதும் பயணம் செய்யும் பயணச்சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அதைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. நீங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கொடுப்பீர்கள். அவ்வப்போது கிராப் காரும் சேர்த்து மாதம் 200 முதல் 250 ரிங்கிட் வைத்தால் போதும்.

சாப்பாடு

அங்காடிக் கடைகளில் ஒரு வேளை 7 முதல் 10 ரிங்கிட், சோற்றோடு குழம்பு வகைகள் தரும் நாசி கண்டார் கடையில் கறியும் மீனும் சேர்த்து 10 முதல் 15 ரிங்கிட், ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் வாழையிலைச் சைவச் சாப்பாடு 9 முதல் 14 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டாலும் நாளுக்கு 30 ரிங்கிட்டில் முடிக்கலாம், மாதம் 900. இது ரூபாயில் 20,000-க்கு மேல் என்றாலும், வேறு பல வெளிநாட்டு நகரங்களோடு பார்த்தால் குறைவுதான்.

வீட்டில் சமைப்பவர் ஒரு வேறுபாட்டை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மீன், முட்டை, கீரை, தேங்காய், டோஃபு ஆகியவை அங்கே எளிதாகவும் நியாயமான விலையிலும் கிடைக்கின்றன. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய் எல்லாம் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் என்றாலும் கப்பலேறி வந்த விலையில்தான் கிடைக்கும். எல்லாவற்றையும்விடப் பால்தான் நம்மவர்களைத் திகைக்க வைக்கும். ஒரு லிட்டர் பசும்பால் 8 ரிங்கிட் அளவில், அதாவது 180 ரூபாய்க்கு மேல் வரும். காலையும் மாலையும் காப்பி, இரவில் தயிர்சாதம் என்று வாழும் வீட்டில் பாலுக்கு மட்டும் மாதம் 250 ரிங்கிட்டாவது ஆகிவிடும். பெற்றோரையும் சில மாதங்கள் உடன் அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். வயதானவர்கள் ஊர்மாறுவதை ஏற்றுக்கொண்டாலும் காப்பி மாறுவதை ஏற்கமாட்டார்கள், ஏற்கச் சொல்லி வற்புறுத்துவதும் முறையன்று.

நாணயமும் வரியும்

ரூபாயில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் செலவு செய்பவர் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் ஒரு ரிங்கிட் 17, 18 ரூபாய்க்குள் இருந்தது. 2026 தொடக்கத்தில் 22 ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் 3,450 ரிங்கிட்டில் நடக்கும் வாழ்க்கைக்கு அன்று 60,000 ரூபாய் அளவில் போதும். 23 ரூபாய் வீதத்தில் அதே வாழ்க்கைக்கு 79,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். வீட்டு வாடகையும் ஏறவில்லை, நீங்கள் கூடுதலாக ஒரு தேநீரும் குடிக்கவில்லை. ஆனாலும் மாதம் 19,000 ரூபாய் கூடுகிறது. எந்தக் கணக்கைப் போட்டாலும் இறுதித் தொகையில் பத்தில் ஒரு பங்கை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டாலரில் வருமானம் வருபவருக்கு இந்தச் சுமை குறைவு.

சாதாரண இந்தியக் கடன் அட்டையை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 விழுக்காடு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும், சேர்ந்து 4.13 விழுக்காடு. 79,350 ரூபாய்ச் செலவில் இது மாதம் 3,270 ரூபாயைத் தாண்டுகிறது. செலாவணிக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்றைக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டால், இந்தப் பணம் முழுவதும் மிச்சம். சிறு கடைகளில் டச் அண்ட் கோ கைப்பேசிப் பணப்பை பரவலாகப் பயன்படுகிறது. கடவுச்சீட்டைக் காட்டி வெளிநாட்டவரும் அதில் பதிவு செய்யலாம்.

இந்தியக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி 20 விழுக்காட்டை டி.சி.எஸ். என்னும் முன்வரியாகப் பிடித்து வைக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது. தனி ஆளின் ஆண்டுச் செலவு பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும், கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அடங்காது. இருவருக்கும் வருமானம் இருந்தால் இருவர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்பலாம்.

வருமான வரியில், ஓராண்டில் 182 நாள் என்ற எல்லை இரு நாட்டுச் சட்டங்களிலும் முக்கியமானது. மலேசியாவில் அத்தனை நாள் தங்கினால் அந்நாட்டின் வரிக் குடியிருப்பாளராகக் கருதப்படலாம். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதும், மலேசியாவில் ஜனவரி முதல் கணக்கிடுவதும் நாட்கணக்கைச் சிக்கலாக்கும். வெளிநாட்டில் இருந்தாலும் இந்திய வங்கிக் கணக்கில் வந்து சேரும் சம்பளத்துக்கு இந்திய வரி உண்டு. இரட்டை வரியைத் தவிர்க்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருந்தாலும், அதன் பயனை முறைப்படி கேட்டுத்தான் பெற வேண்டும். கிளம்பும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் பேசி, அவருக்குத் தரும் கட்டணத்தையும் ஒருமுறைச் செலவில் எழுதுங்கள்.

கூட்டிப் பார்த்தால்

பாயான் பாரு பக்கத்தில் தனி வீடு எடுத்து, பாதி சமைத்துப் பாதி வெளியில் சாப்பிடும் ஒருவருக்கு வாடகை 1,500, மின்சாரம் தண்ணீர் 200, இணையமும் கைப்பேசியும் 150, பாலும் ஊர்ச் சாமானும் சேர்த்துச் சாப்பாடு 1,000, போக்குவரத்து 250, மருத்துவமும் காப்பீடும் 150, சோப்பு முதல் முடிவெட்டு வரையான சில்லறை 200 என்று 3,450 ரிங்கிட் ஆகும், 79,350 ரூபாய். பங்கு அறையில் தங்குபவருக்கு வாடகை 800, மின்சாரப் பங்கு 80, கைப்பேசியும் சிறிது இணையமும் 60, சாப்பாடு 900, போக்குவரத்து 200, மருத்துவம் 150, சில்லறை 150 என்று 2,340 ரிங்கிட், 53,820 ரூபாய். தம்பதியருக்கு முதல் தொகை இரண்டு மடங்காகாது, ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் மற்ற எல்லாவற்றையும் மீறிவிடும். பிள்ளையோடு ஓராண்டுக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதன்மேல் பத்தில் ஒரு பங்கையும் ஊர்க் கணக்கையும் சேர்த்த பிறகு சம்பளத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால், வாடகையைக் குறைத்துப் பார்க்கலாம். ஊர்க் கணக்கில் கை வைக்க வேண்டாம், பெற்றோரின் மருத்துவப் பணத்தில் எக்காரணத்தாலும் வேண்டாம்.

மாதச் செலவோடு கலக்காமல் தனியாக இருக்க வேண்டிய பணம் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்று செய்தி வந்தால், அன்றிரவே கிடைக்கும் விமானத்தில் ஏறுவதற்கான பயணச்சீட்டுப் பணம் அது. அவசரத்தில் வாங்கும் சீட்டு முன்பதிவு விலையைப் போல் பல மடங்கு இருக்கலாம். நேரடி விமானத்தில் இடம் இல்லாவிட்டால் கோலாலம்பூர் வழியாகப் போக நேரும். ஊரில் இருப்பவருக்கும் பார்க்கத் தெரிந்த கணக்கு ஒன்றில் அந்தத் தொகையைப் போட்டுவிட்டு, அதைத் தொடாதீர்கள்.

காலி செய்யும் நாளுக்கும் இப்போதே திட்டமிடலாம். வீட்டுக்காரருக்கு எத்தனை மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், கட்டில், மின்மானி எண் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பிணைத்தொகை சாவியைக் கொடுத்த அன்றே திரும்பி வருவது அரிது. கடைசி மின்கட்டணம் கழித்துச் சில வாரங்களில் வரும். அந்தப் பணத்தை நம்பித் திரும்பும் பயணத்தை வைத்துக்கொள்ளாமல், திரும்பும் சீட்டுக்கான தொகையை முதல் மாதத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். மலேசிய வங்கிக் கணக்கு இல்லாதவர், பிணைத்தொகையை எந்தக் கணக்குக்கு எப்படி அனுப்புவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.